மறு: பாக்டீரிய ரைபோசோம் புரதத்துக்குக் கலைச்சொல்

வணக்கம்.

ஆய்வகப் புரதக் குப்பியின் விவரத்தாளுக்கு “மறுசேர்க்கை பாக்டீரியா ரைபோசோம் புரதம்” (recombinant) என்று தலைப்பிட்டு, “தூய்மை 85%” என்றும் குறித்திருக்கிறேன். செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் புரதம் ஒன்றின் மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ வளையத்தில் செருகி, ஈ. கோலை பாக்டீரியாவில் பெருக்கி, நுனியில் சேர்த்த ஹிஸ்டிடின் வாலைக் கொண்டு நிக்கல் பிசினில் பிடித்துப் பிரித்த புரதம் அது. உறையவைத்து உலர்த்திய பொடியாக வரும். அதைத் திரும்பக் கரைப்பதற்கு “மறுசேர்த்தல்” பொருந்துமா?

*

> “மறுசேர்க்கை பாக்டீரியா ரைபோசோம் புரதம்”

ஐயா, சொல் சரி, இடம்தான் தவறு. அடை பெரும்பாலும் பக்கத்துச் சொல்லைத்தான் பற்றும். நீங்கள் வைத்த வரிசையில், பாக்டீரியாவோ ரைபோசோமோ மறுசேர்க்கைக்கு உள்ளானதாகப் பொருள் வந்துவிடுகிறது. “பாக்டீரிய ரைபோசோமின் மறுசேர்க்கைப் புரதம்” என்று மாற்றுங்கள். மறுசேர்ந்தது மரபணுதான், புரதமல்ல என்று யாரேனும் வாதிடலாம். ஆனால் சொல் வேரூன்றிவிட்டது, நீட்டத் தேவையில்லை.

இந்தத் துறையில் மட்டும் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. ரைபோசோமை அக்கக்காகப் பிரித்து மறுபடி கட்டுவது இங்கே அன்றாட வேலை. 1968-இல் டிராப், நொமுரா என்ற ஆய்வாளர்கள் ரைபோசோமின் 16எஸ் ஆர்.என்.ஏ-வையும் பிரித்தெடுத்த புரதங்களையும் சேர்த்து, அதன் சிறிய பகுதியான 30எஸ் துணை அலகை இயங்கும் நிலையில் சோதனைக்குழாயில் உருவாக்கினார்கள். மக்னீசியம் சுமார் 20 மில்லிமோலார் இருக்க வேண்டும், 40 பாகை செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். குளிரிலேயே வைத்தால் கட்டுமானம் பாதியில் நின்றுவிடும். இந்தச் செயலுக்கு “மீள்கட்டல்” என்பேன். 1999-இல் கல்வரும் நொலரும் செய்த வேலையை அப்போது ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மறுசேர்க்கைப் புரதங்களைக் கொண்டு 30எஸ் துணை அலகை மீள்கட்டினார்கள். இரண்டுக்கும் “மறுசேர்” என்றே எழுதியிருந்தால் அந்த வரி குழம்பிப் போயிருக்கும்.

பொடிக்குக் “கரைத்தல்” போதும், புதுச்சொல் வேண்டாம். செய்முறையைத் தெளிவாக எழுதுங்கள்: திறக்கும் முன் குப்பியைச் சில நொடி மையவிலக்கியில் சுழற்றவும் (மூடியில் ஒட்டிய பொடி இறங்க), கிருமி நீக்கிய அயனியற்ற நீரில் மி.லி.க்கு 0.1 முதல் 1 மி.கி. வரை கரைக்கவும், இறுதிச் செறிவு 50% வரை கிளிசரால் சேர்த்துச் சிறு பங்குகளாகப் பிரித்து −20 அல்லது −80 பாகையில் வைக்கவும். உறைவதும் உருகுவதும் திரும்பத் திரும்ப நடந்தால் புரதம் திரண்டு படியும். அதற்காகத்தான் பங்கிடச் சொல்கிறோம்.

*

மீள்கட்டல் மிகப் பொருத்தம், அம்மா. “தூய்மை 85%” என்ற வரியும் கவலை தருகிறது. புரதங்களை மின்புலத்தில் பிரித்துச் சாயமேற்றிய பட்டையை வைத்துச் சொல்லும் தூய்மை அது. கூமாசிச் சாயம் புரதத்தை மட்டுமே காட்டும். ரைபோசோம் புரதங்களில் பெரும்பாலானவை நேர்மின் மிகுந்தவை, ஆர்.என்.ஏ-வை விடாமல் பற்றிக்கொள்பவை. செல்லை உடைக்கும் கரைசலில் 1 மோலார் உப்பு இல்லையென்றால் ஆர்.என்.ஏ-வும் சேர்ந்தே வரும், பட்டையோ பளிச்சென்று இருக்கும். 260 (ஆர்.என்.ஏ), 280 (புரதம்) நானோமீட்டர் ஒளி உறிஞ்சல்களின் விகிதம் 0.6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 2-ஐ நெருங்கினால் குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆர்.என்.ஏ. ஆகவே “புரதத் தூய்மை” என ஒரு வரி, “ஆர்.என்.ஏ கலப்பு” என இன்னொரு வரி.

இந்த விகிதம் பெரிய துணை அலகின் எல்7/எல்12 என்ற புரதத்துக்கு உதவாது. 280-இல் ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களான டிரிப்டோபானும் டைரோசினும் ஈ. கோலையின் அந்தப் புரதத்தில் இல்லை. 280-இல் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. அளவைச் சாயமுறை போன்ற வேறு வழியில்தான் பார்க்க வேண்டும். அதற்கென்று விவரத்தாளில் தனிக் குறிப்பு தேவை.

எஸ் என்ற எழுத்தும் இடிக்கிறது. 30எஸ்-இல் அது ஸ்வெட்பெர்க் அலகு, எஸ்12-இல் சிறிய துணை அலகு. எண் முன்னால் வந்தால் படிவு வேகம், பின்னால் வந்தால் புரதத்தின் பெயர். இதைத் தாளின் தலைப்பிலேயே சொல்லிவிடுவோம். 2014-இல் வந்த புதிய பெயரீட்டில் எஸ்12 “யுஎஸ்12”, எல்7/எல்12 “பிஎல்12”. பழைய பெயரை முதலிலும் புதியதை அடுத்தும் தருவதே நல்லது. மரபணுப் பெயரையும் கூடவே போட்டால் தேடுபவர் தவறான குப்பியை எடுக்கமாட்டார்.