பெரியப்பாவிடம் மறைக்கச் சொன்னார்கள்

பெரியப்பாவுக்கு என்ன நோய் என்பது அவரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பரிசோதனை முடிவை மருத்துவர் அவருடைய மகனிடம்தான் சொல்லியிருந்தார். "அல்சர் என்றே சொல்லிவைப்போம். புற்றுநோய் என்று தெரிந்தால் அப்பா உடைந்துபோவார்" என்றார் அண்ணன். அதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனாலேயே மறுப்பது கடினமாக இருந்தது.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற குறளை அண்ணன் எடுத்துக் காட்டினார். கொலைகாரன் தேடிவரும் நண்பனைக் காப்பாற்றக்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதிய ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டின் பக்கம் நானும் இல்லை. ஆனால் பெரியப்பாவுக்கு எது நன்மை என்பதை அவரைக் கேட்காமல் எங்களால் எப்படி முடிவு செய்ய முடியும்?

மருத்துவர்களே ஒரு காலத்தில் அண்ணனைப் போலத்தான் நினைத்தார்கள். 1961இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே சுமார் 90 சதவீத மருத்துவர்கள் விரும்பினார்கள். 1979இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள்.

அண்ணனிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அவரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்டேன்: "பெரியப்பா, மருத்துவர் சொன்னதை முழுவதும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, எங்களிடமே விட்டுவிடுகிறீர்களா?"

"நோய் என்னவென்று சொல். எத்தனை நாள் என்று மட்டும் சொல்லாதே" என்றார்.

சொல்வதா, மறைப்பதா என்று இரவெல்லாம் வாதாடிய எங்களில் ஒருவருக்கும் இப்படியொரு வழி தோன்றவில்லை.

நண்பர் ஒருவரின் கடனுக்குப் பெரியப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. மறுநாளே அந்தக் காகிதங்களை எடுத்து அண்ணனிடம் விளக்கினார். அல்சர் என்று நம்பியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அண்ணன் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "நீ கேட்ட விதத்திலேயே அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்குமே, பிறகு விருப்பம் கேட்டதில் என்ன பொருள்?" என்கிறார். நியாயமான ஆட்சேபம்தான். படுக்கையில் விழுந்த பிறகு கேட்டால் கேள்வியே செய்தியாகிவிடுகிறது. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்தவர்களையெல்லாம் வற்புறுத்துகிறேன். என் பெற்றோரிடமும் கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு எல்லாமே தெரிய வேண்டுமாம். அப்பா தமக்கு எதுவும் வேண்டாம், அம்மாவிடம் சொன்னால் போதும் என்கிறார்.