ஜோ ஹால் பத்தி பழைய பேப்பர் கட்டிங் யார்கிட்டயாவது இருக்கா?

வணக்கம் மக்களே, ஐஸ் ஹாக்கி ஆடின ஜோ ஹால் பத்தி எழுதிட்டு இருக்கேன், கொஞ்சம் உதவுங்க. இங்கிலாந்துல பொறந்து கனடாவுல வளர்ந்தவர், 1905-06ல மிச்சிகன்ல ஹாட்டன் ஊரு போர்ட்டேஜ் லேக் டீமுக்கு ஆடினார், அந்த டீம் ஆடின லீக்தான் எல்லாருக்கும் வெளிப்படையா சம்பளம் குடுத்து நடத்தின முதல் ஹாக்கி லீக். களத்துல முரட்டு ஆளு, ‘பேட் ஜோ’ன்னே பேரு. 1919ல மான்ட்ரியல் கனேடியன்ஸ் டீம்ல ஆடி, ஐஸ் ஹாக்கியோட பெரிய கோப்பையான ஸ்டான்லி கப் ஃபைனலுக்கு சியாட்டில் போன இடத்துல ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து ஏப்ரல் 5ம் தேதி இறந்துட்டார், அந்த வருஷம் கப்பு யாருக்குமே இல்ல. இந்தச் சாவை மட்டும் ஒரு வரில சொல்லிட்டு அவர் ஆட்டத்தை விட்டுடறாங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. ஹாட்டன் காலத்து மேட்ச் ரிப்போர்ட், டீம் போட்டோ எந்த லைப்ரரில கிடைக்கும்னு தெரிஞ்சவங்க ப்ளீஸ் சொல்லுங்க, சியாட்டில் பக்கம் இருக்கறவங்க அந்த ஏப்ரல் மாச பேப்பரை ஸ்கேன் பண்ணி அனுப்புனா பெரிய உதவியா இருக்கும்.