காய்ச்சலுக்குப் பிறகு 13 வயதுப் பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் புண்: ஹெர்பிஸ்தானா?

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்):
எடை 40 கிலோ, இன்னும் பூப்பெய்தவில்லை. நான்கு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. நேற்றிலிருந்து பிறப்புறுப்பின் உள் மடிப்புகளான சிற்றிதழ்களில் நேருக்கு நேராக இரண்டு புண்கள். 1 செ.மீ.க்கு மேல், ஆழம், அடியில் சாம்பல் படலம், செந்நீல விளிம்பு. தனியாக உட்காரவைத்துக் கேட்டதில் பாலியல் தொடர்போ தொந்தரவோ இல்லை என்கிறாள். ஹெர்பிஸ் (கொப்புளப் புண் தரும், பாலியல் தொடர்பாலும் பரவும் வைரஸ் நோய்) என்று எண்ணி அதற்கான அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்கலாமா?

பதில் 1 (தோல் மருத்துவர்):
டாக்டர், நீங்கள் சொல்வது லிப்ஷுட்ஸ் புண் போலிருக்கிறது. தொற்றை எதிர்க்கும்போது உடலில் எழும் அழற்சியால் வருவது. பாலியல் நோய் இல்லை. கண்டுபிடிக்கப்படும் காரணங்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் (இபிவி) முக்கியமானது; இன்ஃப்ளூயன்ஸா, கோவிட், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றுக்குப் பிறகும் வரும். பலருக்குக் காரணமே பிடிபடாது. ஹெர்பிஸ் என்றால் முதலில் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் வந்து உடையும்.

ஆனாலும் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். புண்ணின் அடியில் ஸ்வாபை (பஞ்சுக் குச்சி) நன்றாக உருட்டி, வைரஸின் மரபணுவைத் தேடும் ஹெர்பிஸ் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஸ்வாப் எடுத்தபின், சந்தேகம் வலுவாக இருந்தால் அசைக்ளோவிர் தொடங்கி, நெகட்டிவ் வந்ததும் நிறுத்திவிடலாம். கூடவே ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை, விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கானது), எச்ஐவி, இபிவி விசிஏ ஐஜிஎம் (அண்மைய இபிவி தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). இபிவிக்கான விரைவுப் பரிசோதனையான மோனோஸ்பாட் முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம், அதை நம்பி விட்டுவிடக் கூடாது. பயாப்ஸி (திசுவை வெட்டி எடுத்துச் சோதிப்பது) தேவையில்லை.

வலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுப்ரோஃபென் வேண்டாம். தொண்டைக்கு அமாக்சிசிலின் எழுதிவிடாதீர்கள். இபிவி இருந்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரலாம். ஹெர்பிஸ் இல்லை என்றானதும் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டான குளோபெட்டசால் 0.05% களிம்பை மெல்லிசாக, தினம் 2 வேளை, வலி அடங்கும்வரை.

கேள்வி கேட்டவர்:
சிறுநீர் போகப் பயந்து அடக்கிக்கொள்கிறாள். என்ன செய்யலாம்?

பதில் 2 (மகப்பேறு பிரிவு செவிலியர்):
சிறுநீர் போக 5 நிமிடம் முன்பு, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் 2% ஜெல்லி மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள், டாக்டர். முதலில் சுரீரென்று எரியும், பிறகு மரத்துவிடும். இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய டப்பில் உட்கார்ந்தபடியே சிறுநீர் போகட்டும். தனியாகவும் தினம் 2, 3 முறை, 10 நிமிடம் அப்படி உட்காரலாம். துணியால் ஒற்றித் துடைத்து வாசலின் தடவ வேண்டும், இல்லாவிட்டால் எதிரெதிர் புண்கள் ஒட்டிக்கொள்ளும். டெட்டால், உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 8 மணி நேரம் போகாமல் அடிவயிறு கனத்தால் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட வேண்டியிருக்கும், அனுப்பிவிடுங்கள்.

பதில் 1 மீண்டும்:
புண் இருப்பதே வன்கொடுமைக்குச் சாட்சி ஆகாது. இதை அம்மாவிடம் பொறுமையாக விளக்குங்கள், பெண்ணைத் துருவித் துருவிக் கேட்க விடாதீர்கள். விடிஆர்எல்லோ ஹெர்பிஸோ பாசிட்டிவ் வந்தாலோ, பெண்ணே ஏதாவது சொன்னாலோ விஷயம் வேறு: போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி தகவல் கொடுக்க வேண்டியிருக்கும். இபிவி உறுதியானால் மண்ணீரல் வீக்கத்துக்காக 3, 4 வாரம் கபடி, ஓட்டம் வேண்டாம். ஆற 2 முதல் 6 வாரம் ஆகும், பெரும்பாலும் தழும்பு இருக்காது. திரும்பத் திரும்ப வந்தாலோ, வாய்ப்புண்ணும் கண் சிவப்பும் சேர்ந்தாலோ பெசெட் நோய் (ரத்தக் குழாய்களில் அழற்சி வரும் நீடித்த நோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.