கல்யாண விசிடி பாதியில் நிற்கிறது, டிவிடி துண்டு துண்டாக வருகிறது: ஹார்ட் டிஸ்கில் ஏற்ற வழி சொல்லுங்கள்

காதுகுத்து_அப்பா:
அப்பாவின் பீரோவில் 37 தட்டுகள் இருக்கின்றன. 2001-இல் அக்கா கல்யாணத்தில் தொடங்கி 2011-இல் என் பையன் காதுகுத்து வரை. எல்லாவற்றையும் 1 டிபி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடலாம் என்று யுஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கினேன். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அக்கா கல்யாண விசிடியில் படம் இருக்கும் AVSEQ01.DAT கோப்பு 62 சதவீதத்தில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அதே தட்டு பழைய பிளேயரில் லேசாகத் திக்கிவிட்டு ஓடுகிறது! டிவிடியில் வேறு கதை. ஒரே கல்யாணம் ஐந்து விஓபி (டிவிடியின் வீடியோ) கோப்புகளாக இருக்கிறது. தனித்தனியாக எம்பி4 ஆக்கி ஒட்டினால், சரியாகத் தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் ஒரு குதி குதிக்கிறது.

பழைய_ஸ்டூடியோ_எடிட்டர்:
தம்பி, விசிடியைக் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். டேட்டா சிடியில் கீறலைச் சரிக்கட்டக் கூடுதல் பிழைதிருத்தம் உண்டு. விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். பிளேயர் கீறலைத் தாண்டிப் போய்விடும், விண்டோஸ் அடம்பிடித்து நின்றுவிடும். ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் திறந்து, வீடியோ ஃபிரேம்களை மட்டும் எடுக்கும் வழியில் எம்பிஜியாக எடுங்கள். கெட்ட இடத்தில் ஒரு நொடி கட்டம் கட்டமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அதற்கு முன் தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அதைச் சரிசெய்வது கஷ்டம். பேஸ்ட் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முடிந்தால் வேறு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும்.

சேலத்து_மாப்ள:
டிவிடிக்கு நான் சொல்கிறேன். விஓபி 1 ஜிபிக்கு ஒருமுறை வெட்டுப்படுவது டிவிடியின் விதி, உங்கள் தப்பு இல்லை. தனித்தனியாக மாற்றினால் ஒட்டும் இடம் குதிக்கத்தான் செய்யும். மேக்எம்கேவி என்ற மென்பொருளில் முழுத் தட்டையும் கொடுங்கள், தரம் குறையாமல் ஒரே எம்கேவி கோப்பாக வரும். ஒரு தட்டு 4.7 ஜிபி என்றே வைத்தாலும் 37 தட்டுக்கு 174 ஜிபிதான். இடம் தாராளமாக இருக்கும்போது எதற்குச் சுருக்க வேண்டும்? போனில் பார்க்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் தனிப் பிரதி எடுங்கள். அதில் டீஇன்டர்லேஸ் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஆட்கள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.

காதுகுத்து_அப்பா:
இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. கெட்டிமேளம் குதிக்கவில்லை, விசிடியும் முழுசாக வந்துவிட்டது. காதுகுத்து மட்டும் பாக்கி. கேமராவிலேயே எடுத்த சின்னத் தட்டு, போட்டால் காலி என்கிறது. அடிப்பக்கம் பார்த்தால் பதிந்த வளையம் கண்ணுக்கே தெரிகிறது.

பழைய_ஸ்டூடியோ_எடிட்டர்:
அப்படியானால் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல் விட்டிருப்பார்கள். 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது முக்கியம். எடுத்த கேமராவிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்து பார்க்கலாம். அந்தக் கேமரா யாரிடம் இருக்கிறது?

காதுகுத்து_அப்பா:
சித்தப்பா வீட்டுப் பரணில். சார்ஜர்தான் இருக்கிறதா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.