ஆனர்ஸ் ஆய்வேட்டில் ஏஐ உதவியை எங்கே, எப்படிச் சொல்வது?

சிராங்கூன்சாலை:
வணக்கம். கடைசி ஆண்டு ஆய்வேடு. சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்திருக்கும் 14 பேரிடம் தமிழில் பேட்டி, ஆளுக்கு 40 நிமிடம். ஒலிப்பதிவை எழுத்தாக்க விஸ்பர். கருப்பொருள் பிரிக்கவும் ஆங்கிலத்தைச் செப்பனிடவும் சேட்ஜிபிடி. "பயன்படுத்துங்க, ஆனா வெளிப்படையா சொல்லிடுங்க" என்கிறார் மேற்பார்வையாளர். நன்றியுரையில் ஒரு வரி போதுமா? ஆய்வேட்டைச் சோதிக்கும் டர்ன்இட்டின் மென்பொருள் ஏஐ எழுதியது என்று காட்டினால்?

கிளமெண்டி_அக்கா:
போதாது. மொழியைச் செப்பனிட்டதற்கு ஒரு வரி சரி. மற்ற இரண்டும் உங்கள் தரவையே தொடுகின்றன, அதனால் ஆய்வுமுறை அத்தியாயத்தில்தான் வர வேண்டும்.

விஸ்பரில் முதல் கண்ணி மொழி. நீங்கள் குறிக்காவிட்டால் முதல் 30 வினாடியைக் கேட்டு அதுவே ஊகிக்கும். தொடக்கத்தில் ஒப்புதல் வாசகத்தை ஆங்கிலத்தில் படித்திருந்தால் ஆங்கிலம் என்று முடிவுகட்டி, தமிழ்ப் பேச்சையும் ஆங்கிலமாகவே எழுதித் தள்ளும். மொழி தமிழ் என்று நீங்களே குறியுங்கள்.

அடுத்தது மௌனம். வாடிக்கையாளர் வந்து பேச்சு நிற்கும் இடங்களில் யாரும் பேசாத வாக்கியம் முளைக்கும், இல்லையென்றால் ஒரே வரி பத்துத் தடவை திரும்பும். முந்தைய வரியைத் துணைக்கொள்ளும் அமைப்பை அணைத்தால் திரும்புவது குறையும்.

மூன்றாவது, கண்ணில் படாத தவறு. கடைக்காரர் "வியாபாரம் இல்ல லா, ரொம்ப சூசா" என்றிருப்பார். 'லா' உதிர்ந்து, 'இல்ல' 'இல்லை'யாகி, மலாய்ச் 'சூசா' (கஷ்டம்) ஒலி ஒத்த ஏதோ தமிழ்ச் சொல்லாகிவிடலாம். சிங்கப்பூர்த் தமிழை ஆராய்கிறவருக்கு அந்த வரிதானே பொருளே! 14 பதிவையும் காதால் கேட்டுத் திருத்தாமல் விடாதீர்கள்.

ஆய்வுமுறையில் இப்படி எழுதலாம்: "ஒலிப்பதிவுகள் விஸ்பர் லார்ஜ்-வி3 கொண்டு ஆய்வாளரின் கணினியிலேயே எழுத்தாக்கப்பட்டன, மொழி தமிழ் என முன்குறிக்கப்பட்டது. எழுத்தாக்கம் முழுவதும் ஒலியுடன் ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது. பேச்சு வழக்கும் மலாய், ஆங்கிலச் சொற்களும் ஒலித்தபடியே மீட்கப்பட்டன."

புக்கிட்பாத்தோக்_நூலகம்:
கருப்பொருள் பிரிப்பதற்கு: முதலில் 3 பேட்டியைக் கையால் குறியிடுங்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று பெயர் கொடுங்கள்), பிறகே கருவியிடம் போங்கள். வரிசை மாறினால் அது சொன்ன தலைப்புகளே உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆதார மேற்கோள் கேட்டால் இரண்டு பேர் சொன்னதை ஒட்டி ஒரே மேற்கோளாகத் தரும். ஒவ்வொன்றையும் எழுத்தாக்கத்தில் தேடிப் பாருங்கள். அச்சு அசலாகக் கிடைக்காததை எடுத்துவிடுங்கள்.

இன்றே ஒரு எக்செல் தாள் தொடங்குங்கள்: தேதி, மாடலின் முழுப் பெயர், கொடுத்த கட்டளை முழுசாக, வந்த பதில், எதை வைத்துக்கொண்டீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள். அதே கேள்விக்கு நாளை வேறு பதில் வரும், ஆகவே பதிலையும் சேமிக்க வேண்டும். தள்ளிய காரணம்தான் தேர்வாளர் தேடிப் படிக்கும் பத்தி. தாளைப் பின்னிணைப்பில் வையுங்கள். கருவி சொல்லும் கட்டுரைகளின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாள எண்) சொடுக்கி, கட்டுரையைத் திறந்து பார்க்காமல் மேற்கோள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

டர்ன்இட்டின்: 20-க்குக் கீழான ஏஐ சதவீதத்தில் தவறு கூடும் என்று அந்நிறுவனமே எண் தராமல் நட்சத்திரக் குறி போடுகிறது. சதவீதம் மட்டுமே சாட்சி ஆகாது. வோர்டின் பதிப்பு வரலாறும் அந்த எக்செல் தாளும் உங்கள் பக்கம் பேசும். செப்பனிடும் முன்பிருந்த வரைவையும் தனிக் கோப்பாக வைத்திருங்கள்.

சிராங்கூன்சாலை:
நன்றி அக்கா, நன்றி புக்கிட்பாத்தோக். ஒரு கவலை. 2 பேட்டியின் ஒலியை இணையச் சேவை ஒன்றில் ஏற்றியாகிவிட்டது. ஒப்புதல் படிவத்தில் "பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் மட்டும்" என்று இருக்கிறது.

கிளமெண்டி_அக்கா:
மீதியை ஏற்றாதீர்கள். குரலும் கடைப் பெயரும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2012-இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அவை தனிநபர் தகவல். அந்தச் சேவையில் கோப்பை அழித்து, அழித்ததற்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, நெறிமுறைக் குழுவுக்கு விலகல் அறிக்கை (ஒப்புதலில் சொன்னதிலிருந்து விலகியதைத் தெரிவிப்பது) அனுப்புங்கள்: எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்தச் சேவை, அழித்த நேரம். அந்த இரண்டு பேருக்கும் தெரிவிக்க வேண்டுமா என்பதைக் குழு சொல்லும். மீதி 12-ஐக் கணினியிலேயே ஓட்டுங்கள். விஸ்பரின் லார்ஜ் மாடலுக்கு சுமார் 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் தேவை. இல்லாவிட்டால் அதைவிடச் சிறிய மீடியம் மாடலைப் போட்டுவிட்டு, திருத்துவதற்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள்.