பழைய பெயர் எதற்கு? திருநர் வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர்களும் எழுதப்பட்டவர்களும்

மயிலாப்பூரிலிருந்து, கட்டுரை எழுதுபவர்

ஒரு சிறு பத்திரிகைக்குப் பத்து வருடமாக வாழ்க்கைக் குறிப்புகள் எழுதுகிறேன். போன ஆண்டு ஏப்ரல் 15-க்குச் சிறப்பிதழ் போட்டோம். 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்த நாள் அது. வட சென்னையில் நெடுங்காலமாக நோயாளிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒரு திருநங்கை அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

எங்கள் வேலையில் ஊர், பிறந்த தேதி, இயற்பெயர், பெற்றோர் பெயர் ஆகிய நான்கையும் முதலிலேயே வாங்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தில், "உங்க இயற்பெயர் என்னக்கா?" என்று கேட்டுவிட்டேன். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, இப்போதைய பெயரையே மறுபடி சொன்னார். எனக்கு அப்போதும் புரியவில்லை. "அது இல்லக்கா, வீட்ல அம்மா வெச்ச பேரு" என்றேன்.

"இதுதான் எங்க அம்மா வெச்ச பேரு. பதினேழு வயசுல என்னைய மகளா எடுத்துக்கிட்ட அம்மா" என்றார்.

அன்றைக்கு அதோடு விட்டேன். ஒரு வாரம் கழித்து, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டப் போனேன். "ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறிய" என்று முதல் வரி. கையைக் காட்டி நிறுத்தினார். "நான் மாறல கண்ணு. மத்தவங்களுக்குத் தெரிய வந்துச்சு, அவ்ளோதான்." அந்த வரியை அடித்தேன். அடுத்து "சிறுவனாக இருந்தபோது" என்று வந்தது. "சின்ன வயதில்" என்றால் போதும் என்று அப்போதுதான் தோன்றியது. "மூத்த மகன்" என்ற இடத்தில் "மூத்த பிள்ளை" என்று எழுதினேன். பிள்ளை, குழந்தை, அவர், கூடப் பிறந்தவர் என்று நம் மொழியில் இத்தனை சொற்கள் இருக்க, நான் தேடித் தேடி ஆண்பாலைப் போட்டிருந்தேன் என்பது அவர் முன்னால் உட்கார்ந்து படித்தபோது உறைத்தது.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருந்தது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பழைய பெயருக்கு "உள்ளேன் ஐயா" சொல்ல வாய் வராமல் நிற்பாராம், தினமும் அடி விழுமாம். பெயரைச் சொல்லாமல் இதை எப்படி எழுதுவது என்று கேட்டேன். "அடி வாங்குனத எழுது. பேர எழுதாத" என்றார். அப்படியே எழுதினேன். படித்தவர்கள் யாரும் அது என்ன பெயர் என்று கேட்கவில்லை.

ஆசிரியர் குழுவில் ஒருவர், அறுவை சிகிச்சை பற்றி ஒரு பத்தி வேண்டும் என்றார். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) தொடுத்த வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக் காட்டினேன். ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நீதிமன்றமே கேட்கக் கூடாது என்றதை நாம் ஏன் அச்சில் போட வேண்டும்? நர்த்தகி நடராஜ் பற்றியும் அந்த இதழில் ஒரு குறிப்பு வந்தது. மதுரையில் பிறந்தது, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றது, 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை ஆனது என்று எழுதவே இரண்டு பக்கம் போதவில்லை. பழைய பெயர் தேவைப்படும் இடம் அதில் ஒன்றுகூட வரவில்லை.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

சைதாப்பேட்டையிலிருந்து, ஒரு திருநம்பி

நான் எழுதப்பட்டவன். பிறந்தபோது பெண் என்று பதியப்பட்ட ஆண்; அதற்கான சொல்தான் திருநம்பி. மூன்று வருடத்துக்கு முன் ஓர் இணைய இதழ் என்னைப் பற்றிக் கட்டுரை போட்டது. பேட்டி எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தலைப்பிலேயே "அவளாக இருந்தவர்" என்று வந்தது. உள்ளே பழைய பெயரும், இரட்டைச் சடை போட்ட பள்ளிப் படமும். படம் என் உறவினர் ஒருவரிடம் வாங்கியதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபீஸில் அதுவரை யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை வாட்ஸப் குழுவில் அந்தப் படம். வீட்டு உரிமையாளர் வாடகையைப் பற்றிப் பேசுவது போல வந்து, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். இதழுக்கு எழுதிக் கேட்டு, கட்டுரையை எடுக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

திருநர் உரிமைகளுக்காக 2019-ல் வந்த சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கினால் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் பெயரை மாற்றலாம். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒவ்வொரு வரிசையில் நின்று நான் மாற்றினேன். அத்தனையையும் அந்த ஒரு கட்டுரை ஒரே நாளில் பின்னால் தள்ளிவிட்டது.

இன்னொன்று. எங்களையும் "திருநங்கை" என்றே எழுதிவிடுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, 2022-ல் தமிழ்நாடு அரசு இதற்கான சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. எழுதுகிறவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதைவிட, எதிரில் இருப்பவரிடம் "உங்களை எப்படி எழுதட்டும்?" என்று கேளுங்கள். என்னிடம் இதுவரை ஒருவர்தான் அப்படிக் கேட்டிருக்கிறார்.

புளியந்தோப்பிலிருந்து, டிடிபி கடை வைத்திருப்பவர்

நான் கட்டுரையெல்லாம் எழுதுவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறேன். அதுவும் ஒருவர் வாழ்க்கையைப் பற்றிக் கடைசியாக எழுதுவதுதானே, அதனால் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு திருநங்கை அம்மா இறந்துபோனார். எல்லாருக்கும் தெரிந்தவர். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து, நூறு போஸ்டருக்கு முன்பணம் கொடுத்தார். பழைய பெயர், சட்டை போட்ட பழைய போட்டோ. காசு கொடுத்தவர் சொன்னதை அடித்தேன். எனக்கு அந்த அம்மாவை நன்றாகத் தெரியும், ஆனாலும் அடித்தேன்.

விடிந்ததும் அவர் மகள்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. ஒருவர் போஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எங்கம்மா எங்கண்ணா?" என்று கேட்டார்.

பட்டுப்புடவை கட்டிய போட்டோ அவர்கள் செல்போனில் இருந்தது. உடனே உட்கார்ந்து அவர் பெயரில் வேறு போஸ்டர் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஊர்வலம் கிளம்புவதற்குள் ஒட்டிவிட்டார்கள். ஆனால் இரவே ஒட்டியதில் கை எட்டாத இடத்தில் இருந்த சில, மழை வரும்வரை சுவரில் இருந்தன. தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்கு வருவேன்.

இப்போது யார் வந்தாலும், "அவங்களக் கூட இருந்தவங்க எப்படிக் கூப்டாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டச்சு செய்கிறேன்.

பெரம்பூரிலிருந்து, தமிழாசிரியர்

ஒரு சின்னச் செய்தி. நன்னூலிலேயே இதற்கு இலக்கணம் இருக்கிறது. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தி. அவரவர் விரும்பிய பால்தான் கணக்கு. அஃறிணை போலவும் சொல்லலாம் என்று அதே நூற்பாவில் வருவதை நான் ஏற்கவில்லை; வகுப்பில் அதையும் மறைக்காமல் சொல்லி, ஏன் ஏற்கவில்லை என்றும் சொல்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து, மீண்டும்

சைதாப்பேட்டைத் தோழர், உங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்தப் பேட்டியை எடுத்தது நானாகவும் இருந்திருக்கலாம்.

தனிச்செய்தியில் ஒருவர், பழைய பெயரிலேயே புகழ் பெற்றவர்களை என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பெயரில் புத்தகமோ பதக்கமோ இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு, தேவையான இடத்தில் ஒருமுறை சொல்லலாம். தலைப்பில் வேண்டாம். அடைப்புக்குறியில் அடிக்கடியும் வேண்டாம்.

இறந்தவர்கள் விஷயத்தில்தான் எனக்கு வழி தெரியாமல் இருந்தது. அடுத்த ஏப்ரல் இதழுக்கு, மறைந்தவர்கள் சிலரை எழுத நினைத்திருக்கிறோம். புளியந்தோப்பு அண்ணா, நீங்கள் அடித்த அந்த இரண்டாவது போஸ்டரின் கோப்பு இன்னும் இருக்கிறதா? அந்த மகள்கள் சம்மதித்தால், அந்த அம்மாவைப் பற்றி எழுதலாம்.

புளியந்தோப்பிலிருந்து, டிடிபி கடை வைத்திருப்பவர்

இருக்கும்மா. பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது, தேடி எடுத்து வைக்கிறேன். மகள்களில் இருவர் இதே தெருவில்தான் இருக்கிறார்கள். முதலில் நான் போய்க் கேட்டுவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்.