ஹேங் ஃபயருக்குத் தமிழ்ல என்ன: தாமத வெடியா, தூங்குவெடியா?

வணக்கம் எல்லாருக்கும்,

துப்பாக்கிச் சொல்லுக்கெல்லாம் தமிழ் தேடுற நம்ம பட்டியல் பாதிக்கு மேல தேறிருச்சு. மஸில் லோடருக்கு ஜோஹன்னஸ்பர்க் அக்கா சொன்ன 'இடியன்'தான் என் ஓட்டு. ஆப்ரிகான்ஸ்காரங்க ஃபூர்லாயர், அதாவது முன்பக்கமா ஏத்துறதுன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போறாங்க, நாம மட்டும் 'குழல்வாய்வழி மருந்தேற்றுத் துப்பாக்கி'ன்னு எழுதிட்டு மூச்சு வாங்கணுமா?

இன்னைக்கு வேற விஷயம். ஹேங் ஃபயர், அதாவது விசைய அழுத்தியும் உடனே வெடிக்காம கொஞ்சம் கழிச்சு வெடிக்கிறது, அதுக்கு நேரா 'தாமத வெடிப்பு'ன்னு போட்டு வச்சிருக்கோம். அத தூக்கிடலாம்னு சொல்றேன், காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ரெண்டு வாரம் முன்னாடி என் சொந்த அக்கா பையன கூட்டிக்கிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் தெரிஞ்சவங்க பண்ணைக்குப் போயிருந்தேன். பையன் தஞ்சாவூர்ல இருந்து இங்க வேலைக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது, துப்பாக்கிய சினிமாவுல பாத்ததோட சரி. இங்க இடியனுக்கு லைசென்ஸ் வேணாம், 2000ஆம் வருஷத்து சட்டப்படி தகுதிச் சான்றிதழ் இருந்தா போதும், அது என்கிட்ட இருக்கு, அதனால நான் பக்கத்துலயே நின்னு அவன சுட வச்சேன். அரை அங்குல வாய், கேப் (அடிச்சா பொறி விடுற சின்ன மூடி) வச்சு அடிக்கிற ரகம், 60 கிரெயின், அதாவது நாலு கிராம் போல கரிமருந்து, துணி சுத்தின ஈய உருண்டை. குதிரை, அதான் கேப்ப அடிக்கிற சுத்தி, விழுந்துச்சு, கேப் டப்புன்னுச்சு, அவ்வளவுதான், ஒன்னும் காணோம். நான் 'ஹேங் ஃபயர், ஹேங் ஃபயர்'னு கத்துறேன், அவன் 'ஆமா மாமா, ஹேங் ஆயிடுச்சு'ன்னு சொல்லிக்கிட்டே துப்பாக்கிய இறக்கி என் பக்கம் திரும்புறான்! போன் ஹேங் ஆகுற மாதிரி நெனைச்சுக்கிட்டான் பாவம். நல்லவேளை, குழல் மண்ணப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிருச்சு. என் செருப்புக்கு ரெண்டு அடி தள்ளி குழி.

தப்பு அவன் மேல இல்ல, என் மேலதான். டர்பன் உப்புக்காத்துல கரிமருந்துக் கசட வச்சுக்கிட்டிருந்தா ஒரே ராத்திரியில துரு புடிச்சிரும், அது தானாவே ஈரத்த இழுக்கும், அதனால சுட்ட அன்னைக்கே சுடுதண்ணி சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய் பூசி வைப்பேன். ஆனா அடுத்த தடவ மருந்து போடுறதுக்கு முன்னாடி வெறும் கேப் ரெண்டு மூணு அடிச்சு நிப்பிள், அதாவது கேப் உக்கார்ற துளை, அதுல இருக்கற எண்ணெய எரிச்சு விடணும். அன்னைக்கு ஒன்னோட நிறுத்திட்டேன். எண்ணெய் பட்ட மருந்து உடனே பத்தாம பொகைஞ்சு பொகைஞ்சு அப்புறமா பத்தும்.

இப்ப சொல்லுக்கு வரேன். 'தாமத வெடிப்பு'ன்னு உரக்கக் கத்திப் பாருங்க, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கு. யாரு கையிலயாவது மருந்து கெட்டிச்ச குழல் இருக்கும்போது நாலு பேர நிறுத்துற சொல்லா அது? 'தீத்தொங்கல்'னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, மன்னிக்கணும், அது கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பு.

நான் வைக்கிறது: தூங்குவெடி. தூங்கணாங்குருவி தூங்குறதாலயா அந்தப் பேரு? கூடு தொங்குது, அதான். பழந்தமிழ்ல தூங்குறதுன்னா தொங்குறது. அதே சொல்லுக்குத் தாமதிக்கிறதுன்னும் அர்த்தம், 672ஆம் குறள் 'தூங்குக தூங்கிச் செயற்பால'ன்னு ஆரம்பிக்குதே, அது படுத்து உறங்கச் சொல்லல, ஆற அமர செய்ய வேண்டியத ஆற அமர செய்யுங்குது. ஆக, தொங்குறது, பிந்துறது, உறங்குறது மூணும் ஒரே சொல்லுல வந்து விழுது. ஹேங்க மொழிபெயர்க்காமலே ஹேங் உள்ள வந்துருச்சு பாருங்க.

சொல்லுங்க.
டர்பன்ல இருந்து

---

> நான் வைக்கிறது: தூங்குவெடி

தம்பி, சொல் அழகா இருக்கு, அந்த அழகுதான் எனக்கு பயமே. குறளும் குருவியும் நமக்குத் தெரியும், புதுசா வர்ற பையனுக்கு தூங்குறதுன்னா கண்ண மூடிட்டு கிடக்குறது, ஒன்னும் ஆகாதுன்னுதான் தோணும். ஹேங்குக்கு உங்க மருமகன் எடுத்துக்கிட்ட அர்த்தத்த தமிழ்லயும் எடுத்துக்குவான், அவ்வளவுதான் வித்தியாசம். பிந்துவெடின்னு வைங்க. வெடி வரும், பிந்தி வரும். சந்தேகத்துக்கு எடம் இல்ல.

இன்னொன்னு, மிஸ் ஃபயர், அதாவது வெடிக்காமலே போறது, வேற, ஹேங் ஃபயர் வேற, ரெண்டையும் பிரிச்சு சொல்லல்லேன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு செலூஸ் கதைய விட வேற வேணாம். யானை வேட்டைக்காரர் பிரடெரிக் செலூஸ்தான். அவர் ஆரம்பத்துல வச்சிருந்தது 4 போர் இடியன், ஒரு பவுண்டு ஈயத்துல நாலே நாலு உருண்டை வர்ற அளவு, ஒரு உருண்டை கால் பவுண்டு! மருந்த இடுப்புப் பையில இருந்து கைப்பிடி கைப்பிடியா அள்ளிப் போடுவாராம். ஒரு தடவ கேப் அடிச்சும் வெடிக்கல, துப்பாக்கிய தூக்கிட்டு வந்த பையன் உள்ள இருக்கறது தெரியாம அதுக்கு மேல இன்னொரு மருந்து, இன்னொரு உருண்டை கெட்டிச்சுட்டான். அடுத்த சூட்டுல மனுஷன் காத்துல சுழண்டு மூஞ்சி மண்ணுல பட விழுந்தாரு, துப்பாக்கி எங்கயோ பறந்துருச்சு. உயிர் போகாததே பெரிசு.

மிஸ் ஃபயருக்கு 'ஊமைவெடி'ன்னு பட்டியல்ல பாத்தேன். ஊமைக்காயம், ஊமைவெயில் மாதிரி பேச்சுல ஒட்டும், ஆனா இந்தக் காலத்துல அந்த சொல்ல புதுசா ஒன்னுக்கு ஒட்ட வைக்க எனக்கு மனசில்ல. மழை பொய்க்குதுங்கறோமே, அந்த மாதிரி 'பொய்வெடி' எப்படி?

கசடு பத்தி எழுதியிருந்தீங்க. உங்க கடலோர ஈரத்துல கொழகொழன்னு இருக்கும், இங்க வறண்ட காத்துல ஓடு மாதிரி இறுகிக்கிடும், துடைக்காம நாலாவது உருண்டைய இறக்கவே முடியாது. ரெண்டுக்கும் 'கரிக்கசடு' போதும்னு நெனைக்கிறேன், தனித்தனியா சொல் தேட வேணாம்.

பிரிட்டோரியா

---

இடியனை ஏத்துக்கொண்டதுக்கு நன்றி, எங்கட ஊரில இடியன் துவக்கு எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

பிந்துவெடிக்குத்தான் நானும் வருவன் எண்டு நினைச்சிருப்பியள், ஏனெண்டால் பிந்திப்போச்சு எண்டுறது எங்கட பேச்சு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். பிந்தினதோ இல்லையோ எண்டு வெடிச்சாப் பிறகுதானே தெரியும்? தீபாவளிக்கு கொளுத்திப் போட்ட வெடி சத்தமில்லாமல் கிடந்தால், அது நமுத்ததா, இல்லை திரி உள்ளுக்கை புகையுதா எண்டு கிட்டப் போய் பார்க்கிற பிள்ளைக்குத்தானே கை போகுது.

ஜோஹன்னஸ்பர்க்

---

அக்கா, நான் ஒரு பக்கத்துக்கு எழுதியும் சொல்லாம விட்டத நீங்க ரெண்டு வரியில சொல்லிட்டீங்க.

அண்ணா, ஹேங் ஃபயரா மிஸ் ஃபயரா, ரெண்டுல எதுன்னு குதிரை விழுந்த நொடியில யாருக்கும் தெரியாது. அதனால சுடுறவங்க நிக்கிற வரிசையில கத்துறதுக்கு ரெண்டு சொல் இருக்கவே கூடாது, ஒன்னுதான் இருக்கணும், அதுவும் ஒரு வினையா இருக்கணும். 'தூங்குது! தூங்குது!' இத கத்த முடியும். 'பிந்துது'ன்னு கத்தினா எனக்கே வாய் குழறுது. கேட்ட உடனே குழல் குறிப்பலகையப் பாத்தபடியே இருக்கணும், ரெண்டு நிமிஷம் யாரும் அசையக் கூடாது. அது வரைக்கும் எல்லாமே தூங்குதுதான். அப்புறமும் வரலையா, அப்ப அதுக்குப் பேரு பொய்வெடி, புதுக் கேப் வச்சு அடிச்சுப் பாக்கலாம். இடையில வந்துருச்சா, தூங்குவெடி. தூங்குறது எந்திரிக்கும்னு நம்ம ஊர்ல கொழந்தைக்குக் கூடத் தெரியும், தொட்டில் ஆட்டின வீட்டுல யாரும் தூங்குற பிள்ளை பக்கத்துல தட்டு உருட்ட மாட்டாங்க.

பையன்கிட்ட போன்ல கேட்டேன். 'தூங்குதுன்னு சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்ப?' 'அப்படியே நின்னுருப்பேன் மாமா'ங்கறான். ஒருத்தன் சாட்சி பத்தாதுன்னு அண்ணா சொல்வீங்க, தெரியும்.

பொய்வெடிய பட்டியல்ல ஏத்திட்டேன், ஊமைவெடிய எடுத்துட்டேன். பிந்துவெடி மாற்றுச்சொல்லா இருக்கட்டும். ஃபிளின்ட்லாக்ல, அதாவது கேப்புக்குப் பதிலா சக்கிமுக்கிக் கல்லு பொறி விடுற துப்பாக்கியில, கிண்ணத்து மருந்து மட்டும் புஸ்ஸுன்னு எரிஞ்சு உள்ள பத்தாம போகுமே, அது இன்னும் பாக்கி. கிண்ணத்துல போடுற பொடிக்கு 'ரஞ்சகம்'னு பழைய சொல் இருக்கு, அத வச்சு யாராவது ஆரம்பிங்க. ஞாயித்துக்கிழமை பையன மறுபடி கூட்டிட்டுப் போறேன், இந்த தடவ வெறும் கேப் மூணு.

டர்பன்